வேதாகமத்தில் உடன்படிக்கை

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிறிஸ்தவ வேதாகமத்தில் கடவுளுக்கும் மக்களுக்கும் இடையே நிகழ்ந்ததாகக் கூறப்பெறும் உடன்படிக்கை என்பதன் பொருளைக் குறித்துச் சில சொல்லுமாறு நம் சங்கக் காரியதரிசி அவர்கள் என்னைப் பணித்தார்கள். நம் சங்கத்தில் சைவரும் வைணவரும் கிறிஸ்தவரும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளாகக் கூடியிருக்கின்றனர். ஆதலின் யான் ஈண்டுப் பேசப் புகுவது மதப் பிரசாரம் அன்று. ஒரு சமயத்தாரின் மூலக்கருத்தொன்றை அவர்தம் நூலைக்கொண்டே உள்ளவாறு விளக்குவதும், அதனின்று எச்சமயத்தாரும் கொள்ளத்தக்க படிப்பினை யாதென ஆராய்வதுமே என் நோக்கமாகும்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். தமிழ் வேதாகமம் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என இரு பாகமாக வழங்குவதை யாவரும் அறிவர். அங்கே ஏற்பாடு என்பது உடன்படிக்கை என்னும் பொருளதே. எபிரேய மொழியில் இதனைப் பெரித் என்பர். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டு தொடங்கி அலெக்சாந்திரியா நகரத்து யூதப் புலவர்கள் தம் வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது, பெரித் என்பதற்கு நேரான சொல்லைத் தேட வேண்டியவராயினர். ஒத்த நிலையினர் இருவர் பேசி முடிக்கும் ஒப்பந்தத்துக்குச் சிந்தேக்கே என்னும் சொல் கிரேக்கத்தில் இருந்தது. அதனை அவர்கள் பெரிதும் விலக்கி, ஒருவர் தாமே மனமுவந்து செய்துவைக்கும் ஏற்பாட்டையும் மரண சாசனத்தையும் குறிக்கும் தியாதேக்கே என்னும் சொல்லையே ஆண்டனர். கடவுளும் மனிதனும் சந்தைக்கடையில் நின்று விலை பேசிய வியாபாரிகள் அல்லர் என்பதே அவர்தம் கருத்துப் போலும்.

ஒப்பந்தம் வேறு, உடன்படிக்கை வேறு. ஒப்பந்தத்தில் பொருளுக்குப் பொருள் கைமாறும். மாறியவுடன் இருவரும் தத்தம் வழியே செல்லலாம். உடன்படிக்கையிலோ ஆள் தன்னையே கொடுக்கிறான். விவாகம் இதற்குத் தக்க உதாரணம். வேதாகமத்தில் சவுல் ராஜாவின் குமாரனாகிய யோனத்தான், ஆட்டிடையனாயிருந்த தாவீதோடு உடன்படிக்கை செய்தபோது தன் மேலங்கியையும் வாளையும் வில்லையும் களைந்து அவனுக்குக் கொடுத்தான். பின்னாளில் யோனத்தான் போரில் மடிந்தான், தாவீது அரசனானான். அப்போது தாவீது, யோனத்தானுடைய வமிசத்தில் எவரேனும் எஞ்சியுளரோ என்று வினவி, இருகாலும் முடமான மேவிபோசேத் என்னும் மகனைத் தேடி அழைப்பித்து, அவனுக்கு நிலங்களை மீட்டளித்து, தன் பந்தியிலேயே என்றும் உண்ணுமாறு செய்தான். முடவனால் அரசனுக்கு ஆகத்தக்க பிரயோசனம் ஒன்றுமில்லை. இறந்தவனுக்குக் கொடுத்த வாக்கு, இருப்பவனுக்குச் சோறாயிற்று. இத்தகைய பற்றுறுதியையே எபிரேயர் ஹெசெத் என்பர். தமிழ் வேதாகமம் அதனைப் பெரும்பாலும் கிருபை என்று கூறும்.

உப்பு உடன்படிக்கை என்றொரு தொடரும் அந்நூலில் உண்டு. உப்பு கெடாதது, கெடவிடாதது. ஆகவே அழியாத உடன்படிக்கைக்கு அதனை அடையாளமாக்கினர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்னும் வாய்மொழியில் வளர்ந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, உடன்படிக்கை செய்யும் முறையைக் கேளுங்கள். எபிரேயர் உடன்படிக்கை செய்தான் என்னாது உடன்படிக்கையை வெட்டினான் என்பர். மிருகங்களை இரு கூறாகப் பிளந்து எதிரெதிரே வைத்து, உடன்படுவோர் அவற்றின் நடுவே நடந்து செல்வர். இவ்வாக்கை யான் மீறின் இவ்விலங்குக்கு நேர்ந்தது எனக்கும் நேர்வதாக என்பதே அச்சடங்கின் பொருள். அக்காலத்து மேற்காசிய அரசர்களின் கல்வெட்டுக்களிலும் இம்முறை காணப்படுகிறது. சிரியா தேசத்தில் செபீரே என்னுமிடத்துக் கிடைத்த, கி. மு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அரமேய சாசனத்தில், கன்று வெட்டப்படுவது போல உடன்படிக்கையை மீறிய அரசனும் வெட்டப்படுவான் என்னும் கருத்து வெளிப்படையாகவே உள்ளது.

ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்தில் இச்சடங்கு வருகிறது. பிள்ளையின்றி வயது முதிர்ந்த ஆபிராமுக்குக் கடவுள் சந்ததியையும் தேசத்தையும் வாக்களிக்கிறார். ஆபிராம் கிடாரியையும் வெள்ளாட்டையும் ஆட்டுக்கடாவையும் பிளந்து வைத்து, அவற்றின்மேல் இறங்கிய பறவைகளைத் துரத்திக்கொண்டு காத்திருக்கிறான். சூரியன் அஸ்தமிக்கிறது, அவனுக்கு அயர்ந்த நித்திரை வருகிறது, காரிருள் சூழ்கிறது. அவ்விருளில் புகையும் சூளையும் எரியும் தீவட்டியுமாகத் தோன்றிய தெய்வ சாந்நித்தியம் அத்துண்டங்களின் நடுவே கடந்து செல்கிறது. இங்கே கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. நடந்தவர் கடவுள் ஒருவரே, ஆபிராம் நடக்கவில்லை. வலியவன் எளியவனைக் கட்டி வாக்கு வாங்குவது உலக இயல்பு. ஈண்டோ வலியவர் தம்மைத்தாமே கட்டிக்கொண்டு, எளியவனைச் சும்மா இருக்கவிட்டார். இதுவே வேதாகம உடன்படிக்கையின் அடிப்படை என்க.

அடுத்தது சீனாய் மலை உடன்படிக்கை. இதன் அமைப்பை விளக்கத் தொல்பொருளாராய்ச்சி பெருந்துணை செய்துள்ளது. துருக்கி தேசத்துப் போகாஸ்கோய் என்னும் ஊரில் 1906-ஆம் ஆண்டு முதல் ஹுகோ விங்க்லர் என்பார் அகழ்ந்து, ஹிட்டைட் பேரரசரின் களிமண் ஏடுகளை வெளிக்கொணர்ந்தார். அவற்றுள் பேரரசர் சிற்றரசரோடு செய்த உடன்படிக்கைகள் பல. முதலில் அரசன் தன் பெயரைச் சொல்வான். பின்னர்ச் சிற்றரசனுக்குத் தான் முன்பு செய்த நன்மைகளைச் சொல்வான். அதன் பின்னரே நிபந்தனைகள் வரும். ஏட்டைக் கோயிலில் வைத்துக் காலந்தோறும் வாசிக்க வேண்டுமென்னும் விதியும், சாட்சிகளும், ஆசிகளும் சாபங்களும் தொடரும். இவ்வமைப்புக்கும் சீனாய் உடன்படிக்கைக்கும் உள்ள ஒப்புமையை 1954-இல் ஜார்ஜ் மெண்டன்ஹால் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் எடுத்துக்காட்டினார். பின்வந்தோருள் சிலர், 1955-இல் நிம்ரூதில் கிடைத்த அசீரிய அரசன் எசர்கதோனின் கி. மு. 672-ஆம் ஆண்டு உடன்படிக்கைகளே உபாகமத்துக்கு நெருங்கியவை என்பர். எவ்வாறாயினும், அக்காலத்து அரசியல் வழக்கொன்றை எடுத்து இஸ்ரவேலர் தம் தெய்வ நெறிக்கு உருவமாக்கிக் கொண்டனர் என்பது தெளிவு.

ஆனால் வேற்றுமையே பெரிது. அரசரின் ஏடுகளில் உடன்படுவோர் அரசர். குடிகள் அவர்பின் நிற்போர். உபாகமம் 29-ஆம் அதிகாரத்திலோ, உடன்படிக்கையில் பிரவேசிக்கக் கடவுள்முன் நின்றவர் யாவர் என்று ஒரு ஜாபிதா தரப்பட்டுள்ளது. கோத்திரத் தலைவர், மூப்பர், அதிகாரிகள், பெண்டிர், பிள்ளைகள், பாளயத்தில் தங்கிய அந்நியர், விறகு வெட்டுவோர், தண்ணீர் மொள்வோர் என அது விரிகிறது. தலைவனுக்கு ஓர் உடன்படிக்கை, தண்ணீர்க்காரனுக்கு ஓர் உடன்படிக்கை என்று இரண்டில்லை. ஏழாண்டுக்கொருமுறை, விடுதலையின் வருஷத்தில், கூடாரப் பண்டிகைக் காலத்தில் இவர்கள் எல்லோரும் கேட்கப் பிரமாணத்தை உரக்க வாசிக்க வேண்டுமென்பதும் உபாகம விதி. கல்லாதாரும் கேட்டறிய உரிமையுடையர் என்றபடி.

சீனாயில் கடவுள் தம்மை அறிமுகப்படுத்திக் கொள்ளும்போது, உலகைப் படைத்தவர் என்று சொல்லவில்லை. எகிப்தின் அடிமைத்தனத்தினின்று உங்களை வெளியே கொணர்ந்தவர் என்றே சொல்லுகிறார். நன்மை முந்திற்று, கட்டளை பிந்திற்று. பத்துக் கற்பனைகளுக்கும் பலிபீட விதிகளுக்கும் பின், யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தில் நியாயங்கள் தொடங்குகின்றன. அவற்றுள் முதலாவது யாது தெரியுமா? எபிரேய அடிமை ஆறு வருஷம் வேலைசெய்து, ஏழாம் வருஷத்தில் ஈடு ஒன்றும் கொடாமல் விடுதலையாக வேண்டும் என்பதே. உபாகமம் இன்னும் ஒருபடி மேற்சென்று, அவனை வெறுங்கையாய் அனுப்பாமல் ஆட்டிலும் களத்திலும் ஆலையிலும் உள்ளதிற் கொடுத்தனுப்பச் சொல்கிறது. நீயும் அடிமையாயிருந்தவனே என்று காரணமும் கூறுகிறது. தாம் பெற்ற விடுதலையைத் தம் கையில் அகப்பட்டவனுக்குக் கொடுப்பதே உடன்படிக்கையைக் காப்பதன் முதல் அடையாளமாயிற்று.

இந்நிலையில் ஒரு மயக்கம் எழுதல் இயல்பு. கடவுள் எம்மைத் தெரிந்துகொண்டார். ஆகவே யாம் பிறப்பால் உயர்ந்தோம். எமக்கு என்ன செய்தாலும் தீங்கில்லை என்னும் மயக்கமே அது. வேதாகமமே இதனை வன்மையாக மறுக்கிறது. நீங்கள் தொகையில் மிக்கவராயிருந்ததால் அன்று, சகல ஜனங்களிலும் கொஞ்சமானவராயிருந்தும் அன்பினாலேயே தெரிந்துகொள்ளப்பட்டீர் என்கிறது உபாகமம். கி. மு. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆமோஸ் என்னும் தீர்க்கதரிசியோ, தெரிந்துகொள்ளப்பட்டமையாலேயே உங்கள் குற்றத்துக்குக் கணக்குக் கேட்கப்படும் என்றார். இஸ்ரவேலரை எகிப்தினின்று கொணர்ந்த கடவுளே பெலிஸ்தரையும் சீரியரையும் அவரவர் இடத்தினின்று கொணர்ந்தவர் என்றும், அவர் பார்வையில் எத்தியோப்பியரும் இஸ்ரவேலரும் ஒரு தன்மையரே என்றும் எடுத்துரைத்தார். தெரிவு என்பது பொறுப்பேயன்றிப் பெருமை அன்று.

இவ்வுண்மை முழுதும் ஒரே நிகழ்ச்சியில் விளங்கக் காண வேண்டின் எரேமியா தீர்க்கதரிசியின் நூலில் 34-ஆம் அதிகாரத்தை நோக்குக. என் பேச்சின் உயிர்நிலை இதுவே.

பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் சேனை யூதேயா நாட்டைச் சூழ்ந்துகொண்டது. எருசலேமைத் தவிர லாகீஸ், அசெக்கா என்னும் இரண்டு அரண்களே எஞ்சி நின்றன என்று எரேமியா நூல் கூறுகிறது. 1935-இல் லாகீஸ் அகழ்வில் ஓட்டுச்சில்லுகளில் மையால் எழுதிய கடிதங்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில், லாகீஸின் தீக்குறிகளைக் கவனித்துக் கொண்டிருக்கிறோம், அசெக்காவைக் காணக்கூடவில்லை என்னும் செய்தி இருக்கிறது. அந்நாளின் திகில் அச்சிறு ஓட்டிலே இன்றும் உறைந்து கிடக்கிறது.

அவ்வேளையில் சிதேக்கியா ராஜா எருசலேமின் ஜனங்களோடு ஓர் உடன்படிக்கை செய்தான். அவரவர் தம் எபிரேய அடிமைகளையும் அடிமைப் பெண்களையும் விடுதலை செய்வது என்பது அதன் நிபந்தனை. ஏழாம் வருஷ விடுதலை தலைமுறை தலைமுறையாக அநுஷ்டிக்கப்படாமல் விடப்பட்டிருந்தது. ஆபத்து வந்தபோது அது நினைவுக்கு வந்தது. பிரபுக்களும் ஆசாரியர்களும் தேசத்தாரும் ஆலயத்திலே கன்றை இரண்டாகப் பிளந்து, அதன் நடுவே நடந்தனர். அடிமைகள் விடுவிக்கப்பட்டனர். முற்றுகைக் காலத்தில் அடிமைகளுக்குச் சோறிடுவது பாரமென்றும், காவலுக்கு ஆள் வேண்டுமென்றும் எண்ணியே இதைச் செய்திருக்கலாம் என்பாரும் உளர். அஃது எவ்வாறாயினும் ஆகுக, செய்தது நற்செயலே.

பின் நடந்தது யாது? எகிப்திலிருந்து பார்வோனின் சேனை புறப்பட்டதென்று கேட்டுப் பாபிலோனியர் முற்றுகையை விட்டு அகன்றனர். நகரத்தார் மூச்சு விட்டனர். ஆபத்து நீங்கிற்றென்று எண்ணியவுடன், விட்ட அடிமைகளை மீண்டும் பிடித்து வேலையில் மாட்டினர். சில நாள் தன் இச்சைப்படி நடந்து, தன் பிள்ளைகளைத் தன் பிள்ளைகளென்று அழைத்த ஒரு மனிதன், பழைய எஜமானனின் கை தன் தோளில் விழக் கண்டபோது அவன் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! அடிமையாகவே இருந்ததைவிட, விடுதலையைச் சுவைத்தபின் மீண்டும் அடிமையாதல் கொடிது.

எரேமியா எழுந்தார். நீங்கள் உங்கள் சகோதரருக்கு விடுதலை கூறாது போனீர். ஆகவே பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் உங்கள்மேல் வர விடுதலை கூறப்படுகிறது என்னும் கருத்துப்பட முழங்கினார். கன்றின் நடுவே நடந்தோர் அக்கன்றுபோல ஆவர் என்றும், விலகிப்போன சேனை திரும்பும் என்றும் உரைத்தார். அவ்வாறே ஆயிற்று. கி. மு. 587 அல்லது 586-இல் மதில் இடிந்தது; ஆலயம் எரிந்தது. தப்பியோடிய சிதேக்கியா எரிகோவின் சமவெளியில் பிடிபட்டான். அவன் புதல்வர்கள் அவன் கண்முன்னே கொல்லப்பட்டனர். அதன் பின் அவன் கண்கள் பிடுங்கப்பட்டன. விலங்கிட்டு அவனைப் பாபிலோனுக்குக் கொண்டுசென்றனர்.

அன்பர்களே! இவ்வதிகாரத்தில் எரேமியா சாட்டிய குற்றம் பலி குறைந்ததென்பதன்று, பண்டிகை தவறியதென்பதுமன்று. ஒருவருக்கொருவர் செய்துகொண்ட வாக்கை, அதுவும் தம் கீழிருந்த எளியோர் திறத்துச் செய்த வாக்கை, மீறியதே குற்றம். அதனையே கடவுள் தம் நாமத்தைப் பரிசுத்தக் குலைச்சலாக்கியதென்று கொண்டார். ஆபிராமுக்காகத் தாமே துண்டங்களின் நடுவே நடந்தவர், அடிமைக்காக நடந்தவரின் வாக்கையும் தமக்குச் செய்த வாக்காகவே ஏற்றார். கடவுளோடு ஓர் உடன்படிக்கை, வேலைக்காரனோடு வேறோர் உடன்படிக்கை என்று பிரித்துக்கொள்ள இடமில்லை என்பதே இதனாற் பெறப்படும்.

இவ்வளவு கண்ட எரேமியாவே, புதிய உடன்படிக்கை ஒன்று வருமென்னும் நம்பிக்கையையும் கூறினார். கல்லில் எழுதியது போதவில்லை. இனி அது இருதயத்தில் எழுதப்படும். சிறியவர் முதல் பெரியவர் வரை யாவரும் கடவுளை அறிவர் என்றார். இயேசுநாதர் தம் மரணத்துக்கு முந்திய இரவில் பாத்திரத்தை எடுத்து, இதுவே அப்புதிய உடன்படிக்கை என்று சீஷருக்குக் கொடுத்தார் எனக் கிறிஸ்தவர்கள் நம்புகின்றனர். அவர்களுடைய திருவிருந்து இதன் நினைவே.

எனினும் அவ்விருந்திலும் பழைய நோய் புகுந்தது. சுமார் கி. பி. 55-இல் பவுல் அப்போஸ்தலர் கொரிந்து பட்டணத்தாருக்கு எழுதிய நிருபத்தில், செல்வர் முந்தி உண்டு வெறிக்க, ஏழையர் பசித்திருந்த செய்தியைக் கண்டிக்கிறார். அஃது ஆண்டவரின் விருந்தே அன்று என்கிறார். நம் நாட்டிலும் இது நிகழ்ந்தது. தென்னாட்டுச் சபைகளில் சாதிக்கு ஓர் இடமாகப் பிரிந்திருந்தும், ஒருவர் பின் ஒருவராகச் சாதி முறையிலும் திருவிருந்து பெற்று வந்ததைக் கண்டு, கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் 1833-இல் அவ்வேற்றுமையை அறவே ஒழிக்குமாறு ஆணையிட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் அவ்வாணைக்கு இசையாது பிரிந்து சென்றனர். உடன்படிக்கையின் பாத்திரத்தையே வேற்றுமையின் அளவுகோலாக்கிய விந்தையை என்னென்பது!

இனி நம்மை நோக்கிச் சில சொல்லி முடிப்பேன். சங்கம் என்பதும் ஒருவகை உடன்படிக்கையே. சந்தா செலுத்தி ரசீது பெறுவதோடு அது முடியுமாயின் வெறும் ஒப்பந்தமாகும். நம்முள் தாழ்ந்தோரைக் கைதூக்குவோம் என்று கூடி உரைத்த சொல்லே அதன் உயிர். அச்சொல் நம் குலத்தவர்க்கு மட்டும் என்று எல்லை கட்டினால், ஆமோஸ் கண்டித்த மயக்கத்திலேயே நாமும் வீழ்ந்தவராவோம். நம் கடைகளில் நிற்கும் பையனும், நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணும், நம் வயலில் இறங்கும் கூலியாளும் எக்குலத்தவராயினும், அந்த உபாகம ஜாபிதாவிலுள்ள விறகுக்காரனும் தண்ணீர்க்காரனும் அவர்களே.

மகாநாடுகளில் நாம் தீர்மானங்கள் நிறைவேற்றுகிறோம். இக்கட்டு வந்தபோது கரவொலி பெரிதாகவே எழுகிறது. இக்கட்டு நீங்கியபின் அத்தீர்மானங்கள் நினைவேட்டில் உறங்குகின்றன. எருசலேமின் பிரபுக்கள் நம்மினும் தீயவர் அல்லர். பகைவன் வாயிலில் நின்றபோது அவர்களும் நல்லவரே. சேனை விலகிய மறுநாளில்தான் அவர்கள் யாவரென்று தெரிந்தது. நம்மையும் கடவுள் அந்த மறுநாளிலேயே அளப்பார். ஆதலின் வாக்களிக்குமுன் ஆராய்க, வாக்களித்தபின் மாறாதிருக்க. நம்மால் விடுதலை பெற்ற ஒருவன், நம் வசதிக்காக மீண்டும் தலைகுனிய நேராதிருப்பதாக.